பாண் கேட்காத தாரா

ஸ்காபரோவில் வளர்ந்த எங்களில் பல பேருக்குத் தாரா என்றால் ஒரே உருவம்தான் கண்ணுக்குள் நிற்கும். பச்சைத் தலை, மஞ்சள் சொண்டு, பாண் துண்டைக் கண்டால் காலடிக்கே ஓடி வருகிற மல்லார்ட். பூங்காவுக்குப் போனால் பழைய பாணையும் பையில் கொண்டு போவது எங்கட சின்ன வயதுப் பழக்கம். இப்போது எங்கட பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதே பூங்காவுக்குத்தான் போகிறோம். பாண் போடக் கூடாது என்று பலகை வைத்திருப்பது ஒன்றுதான் புதுசு.

அதே ஒன்ராறியோ ஏரியில், கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளி, பாணைத் திரும்பியும் பாராத ஒரு தாராக் கூட்டம் குளிர்காலம் முழுக்க மிதந்துகொண்டிருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று காணாமல் போகும். பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் வேறு எங்கேயோ எழும்பும்போது வாயில் ஒரு மீன் துள்ளும். இதன் பெயர் மெர்கன்ஸர். சுழியோடி மீன் பிடித்துத் தின்கிற தாரா.

சில வருடமாக மகளும் நானும் இதைத் தேடிப் போய்ப் பார்க்கிறோம். அதனால் எனக்கு விளங்கியது இது: ஒரு ஆற்றில் மெர்கன்ஸர் குஞ்சு பொரித்து வாழ்கிறது என்றால், அங்கே தெளிந்த தண்ணீர், சின்ன மீன், பழைய மரம் மூன்றும் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். இந்த மூன்றும் நிலைப்பதிலும் அழிவதிலும் எங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

பல்லு இருக்கிற தாரா

மல்லார்டின் சொண்டு தட்டை. மெர்கன்ஸரின் சொண்டு ஒடுங்கி, நீண்டு, நுனியில் கொக்கி போல வளைந்திருக்கும். ஓரம் முழுக்க வாளின் பல்லு மாதிரிச் சின்னச் சின்ன முள். உண்மையில் அவை பல் இல்லை, ஆனால் வழுக்குகிற மீனை நழுவ விடாமல் பிடிக்க அது போதும். ஆங்கிலத்தில் இந்த வகைக்கு 'சோபில்' என்றும் சொல்வார்கள். வாள் போன்ற சொண்டு என்று பொருள். என் மகள் வைத்த பெயர் "பல்லுத்தாரா". எங்கட வீட்டில் இப்போது அதுதான் பெயர்.

பிள்ளைகள் "இதுக்குத் தமிழில என்ன?" என்று கேட்டால் திணற வேண்டாம். இது குளிர்நாட்டுப் பறவை. இலங்கைக்கோ தமிழ்நாட்டுக்கோ வழமையாக வருவதில்லை, அதனால் ஊரில் இதற்கென்று புழக்கத்தில் ஒரு பெயர் இல்லை. இந்தியாவில் பார்க்க வேணும் என்றால் குளிர்காலத்தில் இமயமலை அடிவாரத்து ஆறுகளுக்குப் போக வேணும். ரிஷிகேஷ் பக்கம் கங்கையில் காணலாம். லடாக்கில் கூடும் கட்டுகிறது.

அம்மாவுக்குக் காட்டியபோது, "இது எங்கட நீர்க்காகம் மாதிரியெல்லோ மீன் பிடிக்குது" என்றார். நல்ல ஒப்பீடு. ஊர்க் குளங்களில் நீர்க்காகத்தையும், தண்ணீருக்கு மேலே கழுத்தை மட்டும் பாம்பு போல நீட்டிக்கொண்டு நீந்துகிற பாம்புத்தாராவையும் பார்த்து வளர்ந்தவர் அவர். பாம்புத்தாராவுக்குப் பெயரில்தான் தாரா. அது வாத்துக் குடும்பம் இல்லை, நீர்க்காகத்துக்குச் சொந்தம். இவை இரண்டுக்கும் இறகு நனையும். அதனால்தான் கட்டையில் ஏறி நின்று செட்டையை விரித்துக் காய வைக்கும். மெர்கன்ஸர் அசல் வாத்து. இறகில் எண்ணெய் பூசி வைத்திருப்பதால் தண்ணீர் ஒட்டாது. ஐஸ் கட்டிய கரைக்குப் பக்கத்தில், எங்களுக்குக் கை விறைக்கிற நாளிலும், அது பாட்டுக்குச் சுழியோடிக்கொண்டிருக்கும்.

ரொறன்ரோப் பக்கம் மூன்று வகை வரும். பெரியது, காமன் மெர்கன்ஸர். ஆணுக்குக் கரும்பச்சைத் தலை, வெள்ளை உடம்பு, சிவந்த சொண்டு. பெண்ணுக்குச் செங்கல் நிறத் தலை, சாம்பல் உடம்பு, தாடையில் ஒரு வெள்ளை. இரண்டாவது, ரெட்-பிரெஸ்ரட் மெர்கன்ஸர். நித்திரையால் எழும்பித் தலை இழுக்காமல் ஸ்கூலுக்கு வந்த பிள்ளை மாதிரிக் கொண்டை சிலும்பி நிற்கும். மூன்றாவது, ஹூடட் மெர்கன்ஸர். சின்னது, மிக வடிவானது. ஆண் கொண்டையை விரித்தால் கறுப்புக்கரை வைத்த வெள்ளை விசிறி. இது வட அமெரிக்காவுக்கே உரியது. மீனோடு நண்டு போன்ற நன்னீர் இறாலையும் பூச்சிகளையும் தின்னும்.

தெளிந்த தண்ணீர், சின்ன மீன், பழைய மரம்

மெர்கன்ஸர் கண்ணால் பார்த்துத்தான் மீன் பிடிக்கும். நீந்திக்கொண்டே முகத்தைத் தண்ணீருக்குள் விட்டுத் தேடும். ஸ்நோர்க்கல் போட்ட ஆள் மாதிரி இருக்கும். கண்டவுடன்தான் சுழியோடும். தண்ணீருக்குள் கண்ணை மூடிக் காக்க ஊடு தெரிகிற மூன்றாவது இமை ஒன்று உண்டு. பிறப்பிலேயே கொக்கிள்ஸ் போட்டு வந்த மாதிரி. ஆனால் என்ன கண் இருந்தும் சேற்றுத் தண்ணீரில் ஒன்றும் செய்ய முடியாது. வீடு கட்டுகிற இடங்களிலிருந்து மண் கழுவுண்டு ஆற்றுக்குள் போனால் இதன் சாப்பாட்டுத் தட்டை மூடிவிட்ட மாதிரித்தான்.

ரொறன்ரோவுக்கு இது புதுக் கதை இல்லை. டொன் ஆறு அவ்வளவு அழுக்காகி, 1969ல் பொலூஷன் புரோப் என்ற அமைப்பு அந்த ஆற்றுக்கு ஒரு செத்தவீடே நடத்தியது. ஆறு செத்துவிட்டது என்று ஊருக்குக் காட்டுவதற்கான ஊர்வலம் அது. அதற்குப் பிறகு பல பேர் பல வருடம் பாடுபட்டு, இன்று டொன்னில் திரும்பவும் மீன் இருக்கிறது. கெட்ட ஆறு அப்படியே கிடக்க வேணும் என்றில்லை என்று பிள்ளைக்குச் சொல்ல எங்கட நகரத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது.

மீன் பெரிதாக இருக்க வேணும் என்றும் இல்லை. பெரும்பாலும் ஒரு சாண் நீளத்துக்குள் இருக்கும் மீன்தான். கருங்கடல் பக்கத்திலிருந்து கப்பல்களின் அடித்தண்ணீரோடு வந்து 1990 அளவில் இந்த ஏரிகளில் பரவிய கோபி என்ற மீனையும் இப்போது இவை தின்கின்றன.

மூன்றாவது தேவைதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். காமன் மெர்கன்ஸரும் ஹூடட் மெர்கன்ஸரும் மரப் பொந்தில் முட்டையிடும். மீன் தின்கிற தாராவுக்கு மரம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கிளை முறிந்து உக்கிய இடத்தில் விழுந்த ஓட்டை, அல்லது பெரிய மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன பொந்து, அதுவும் தண்ணீருக்குப் பக்கத்தில் வேணும். தன் நெஞ்சுத் தூவலைப் பிடுங்கி மெத்தை போட்டு, பத்து முட்டை அளவில் இட்டு, ஒரு மாதத்துக்கு மேல் தாய் தனியாக அடைகாக்கும். ஆண் அதற்குள் போய்விடும்.

பொரித்து ஒரு நாள், இரண்டு நாளில் குஞ்சுகள் பொந்து வாசலுக்கு ஏறி வரும். தாய் கீழே நின்று கூப்பிடும். ஒவ்வொன்றாகக் குதிக்கும். பஞ்சுப் பொதி மாதிரிப் பாரமில்லாததால் விழுந்தாலும் அடிபடுவதில்லை. முதல் நாட்களில் மீன் பிடிக்கத் தெரியாது, தண்ணீர்ப் பூச்சிகளைத் தின்றுதான் வளரும்.

2018ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் பெமிட்ஜி ஏரியில் ஒரு பெண் மெர்கன்ஸருக்குப் பின்னால் 76 குஞ்சுகள் வரிசையாகப் போன படம் உலகம் முழுக்கச் சுற்றியது. எல்லாம் அதன் குஞ்சு இல்லை. மற்றத் தாய்களின் குஞ்சுகளையும் ஒரு அனுபவப்பட்ட தாய் சேர்த்துக் கூட்டிக்கொண்டு திரிவது இந்தப் பறவையின் வழக்கம். கோடை விடுமுறைக்குச் சொந்தக்காரர் பிள்ளைகள் எல்லாரையும் தன் வீட்டில் விட்டு வைத்திருந்த பெரியம்மா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். பிள்ளைகளுக்கு அவரைச் சொல்லி விளங்கப்படுத்துங்கள், உடனே பிடிபடும்.

உக்கிய மரத்தைக் கண்டால் எங்களுக்கு வெட்டத்தான் தோன்றும். வீட்டுக்கு மேலே, நடைபாதைக்கு மேலே சாய்ந்து நின்றால் வெட்டத்தான் வேணும். ஆனால் ஆற்றங்கரையில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நிற்கிற பட்ட மரம் குப்பை இல்லை, அது ஒரு வீடு. பழைய மரங்கள் குறைந்துபோன ரஷ்யாவின் தூரகிழக்கில், அருகிவரும் இன்னொரு மெர்கன்ஸர் இனத்துக்கு மரத்தில் பெட்டி கட்டிக் கொடுக்கிறார்கள். அது அதற்குள் முட்டையிடுகிறது. பிரேசிலில் உள்ள இனம் உலகத்தில் 250க்கும் குறைவு. நியூசிலாந்துக்குத் தெற்கே ஒக்லண்ட் தீவுகளில் இருந்த இனத்தைக் கடைசியாகக் கண்டது 1902ல். அதோடு சரி.

கோட்டேஜில் வந்த சொறி

போன கோடையில் வடக்கே ஒரு ஏரிக்கரையில் கோட்டேஜ் எடுத்து ஒரு கிழமை நின்றோம். அங்கே ஒரு தாய் மெர்கன்ஸரும் ஒன்பது குஞ்சுகளும் தினமும் காலையில் டொக்கைத் தாண்டிப் போகும். மகளுக்குச் சொர்க்கம். மூன்றாம் நாள் அவளுக்குக் கால் முழுக்கச் சிவப்புச் சிவப்பாய்ப் புள்ளி. இரவு முழுக்கச் சொறி, நித்திரை இல்லை.

பக்கத்துக் கோட்டேஜ்காரர் பார்த்தவுடனே சொன்னார், "ஸ்விம்மர்ஸ் இட்ச். அந்தத் தாராவால்தான் வருகிறது." அதைப் பிடித்து வேறிடத்துக்கு அனுப்ப அனுமதி கேட்டு ஒரு கடிதம் தயாரித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு வாடகைக்குத் தந்தவரும் அதில் கையெழுத்து வைக்க வேணும், நீங்களும் ஒரு சொல் சொல்லுங்கோ என்றார். என் கணவருக்கு நியாயமாகத்தான் பட்டது. "இவ்வளவு காசு குடுத்து வந்து பிள்ளை சொறிஞ்சுகொண்டு கிடக்கிறாள்." மகள் என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, பல்லுத்தாராவை அனுப்பிப்போடுவினமோ?"

அன்று இரவு இதைப் பற்றி வாசித்தேன். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி நீர்ப்பறவைகளின் இரத்தக் குழாயில் வாழ்கிறது. அதன் முட்டை எச்சத்தோடு தண்ணீருக்குள் விழுகிறது. பொரித்து வருவது நத்தைக்குள் போய் வளர்ந்து, திரும்பவும் ஒரு பறவையைத் தேடி வெளியே வருகிறது. வழியில் எங்கட பிள்ளையின் தோலைப் பறவையென்று நினைத்துத் துளைத்துவிடுகிறது. அதோடு அது செத்துவிடும், மனித உடம்பில் அதனால் வாழ முடியாது. மிஞ்சுவது சொறியும் புள்ளியும்தான். சில நாளில் மாறிவிடும், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிகளில் இதன் ஒரு வகையைச் சுமப்பது காமன் மெர்கன்ஸர் என்று கண்டறிந்து, அங்கே அனுமதியோடு குஞ்சுகளையும் தாயையும் பிடித்து வேறிடம் கொண்டுபோயும் இருக்கிறார்கள்.

ஆனால் மற்ற வாத்துகளும் நீர்ப்பறவைகளும் இதன் வேறு வகைகளைச் சுமக்கின்றன. நத்தையும் அங்கேதான் இருக்கிறது. வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் எத்தனையோ பறவைகள் வந்து தங்கிப் போகின்றன. ஒரு தாயையும் ஒன்பது குஞ்சையும் அகற்றினால் அந்த ஏரியில் சொறி நின்றுவிடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

காலையில் பக்கத்து வீட்டுக்காரருக்கு எங்களால் ஆதரவு சொல்ல முடியாது என்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, ஆனால் சந்தோசப்படவும் இல்லை. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நாங்கள் ஒரு கிழமைக்கு வந்தவர்கள், அவருடைய பேரப்பிள்ளைகள் ஒவ்வொரு கோடையும் அங்கே நீந்துகிறார்கள். மகளுக்கும் தோல்தான் கடித்தது, எனக்கில்லை. அதனால் அவளிடமே கேட்டேன். "நான் நீந்திற இடத்தை மாத்திறன், அது இருக்கட்டும்" என்றாள்.

மிச்ச நாள் செய்தது இவ்வளவுதான். கரையோரத்து ஆழமில்லாத, பாசி பிடித்த தண்ணீரில் விளையாட விடவில்லை. டொக்கின் நுனியிலிருந்து ஆழத்தில் இறங்கினாள். காற்று எங்கட கரைப் பக்கம் வீசும் நாளில் நீந்தவில்லை, ஏனென்றால் அந்த நுண்ணுயிர்களைக் காற்று கரைக்கு ஒதுக்கும். வெளியே வந்தவுடன், தண்ணீர் தோலில் காய முதல், துவாயால் அழுத்தித் துடைத்துக் குளித்தாள். நீந்துகிற இடத்தில் எந்தப் பறவைக்கும் சாப்பாடு போடவில்லை. திரும்பவும் இரண்டு மூன்று புள்ளி வந்தது, அவ்வளவுதான். சொறி கடுமையாக இருந்தாலோ காய்ச்சல் வந்தாலோ வைத்தியரிடம் காட்டுங்கள்.

அது தின்னும் மீன், நாங்கள் தின்னும் மீன்

எங்கட ஆக்களுக்குத் தூண்டிலும் பிடிக்கும், ஏரி மீனில் குழம்பும் பிடிக்கும். மெர்கன்ஸருக்கும் எங்களுக்கும் ஒரே சட்டி என்றே சொல்லலாம். தண்ணீரில் சேர்கிற பாதரசம் சின்ன உயிரில் கொஞ்சம், அதைத் தின்னும் மீனில் கூட, அந்த மீனைத் தின்னும் மீனில் இன்னும் கூட என்று ஏறிக்கொண்டே போகும். மீன் தின்னும் பறவையும் மனிதரும் அந்த ஏணியின் மேல்படியில் இருக்கிறோம். டிடிடி போன்ற பூச்சிக்கொல்லிகள் தாராளமாகப் பாவிக்கப்பட்ட காலத்தில் மீன் தின்னும் பறவைகள் பலவற்றின் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே நொறுங்கியது அப்படித்தான்.

ஒன்ராறியோவில் பிடித்த மீனைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முதல் மாகாண அரசின் மீன் உணவு வழிகாட்டியைப் பாருங்கள். எந்த ஏரி, எந்த மீன், எத்தனை சென்டிமீட்டர் என்று போட்டால், மாதத்தில் எத்தனை முறை சாப்பிடலாம் என்று சொல்லும். சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தனி அளவு இருக்கிறது. பொதுவாகப் பெரிய மீனை விடச் சின்ன மீன் நல்லது. இந்த விஷயத்தில் தாரா எங்களை விடக் கெட்டிக்காரி.

தூண்டில் போடுகிற அப்பாமாருக்கும் மாமாமாருக்கும் ஒரு வேண்டுகோள். ஈயக் குண்டுகளை விட்டுவிடுங்கள். தொலைந்துபோன ஈயக் குண்டை விழுங்கி நீர்ப்பறவைகள் நஞ்சேறிச் சாகின்றன. கனடாவின் தேசியப் பூங்காக்களில் சின்ன ஈயக் குண்டுகளுக்கு 1997லேயே தடை வந்துவிட்டது. தகரத்திலும் உருக்கிலும் செய்த குண்டுகள் கடையில் கிடைக்கும். அறுந்த நூலையும் சுருட்டிக் கொண்டு வாருங்கள்.

எங்கே, எப்போது

ரொறன்ரோவில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். லோரன்ஸ் அவெனியூ கிழக்கு முடிகிற இடத்தில் ரூஜ் ஆறு ஏரியில் சேர்கிறது. ரூஜ் ஹில் கோ ஸ்டேஷன் பக்கத்தில்தான். அந்த இடம் 2015ல் உருவான ரூஜ் தேசிய நகரப் பூங்காவின் தெற்கு வாசல் மாதிரி. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆறு உறைந்தாலும் ஏரியில் தண்ணீர் திறந்திருக்கும். குஞ்சுகளோடு பார்க்க ஜூன், ஜூலையில் அல்கொன்குயின் போன்ற வடக்கு ஏரிகளுக்குப் போக வேணும்.

இலண்டன்காரர் குளிர்காலத்தில் வால்தம்ஸ்டோ நீர்த்தேக்கங்களில் பாருங்கள். அங்கே காமன் மெர்கன்ஸரைக் கூசாண்டர் என்பார்கள். சுவிஸில் ஜெனீவா ஏரியிலும், மூனிக்கில் ஈசார் ஆற்றிலும் கோடையிலும் இருக்கும். நோர்வேயில் ஏரிகள், ஆறுகளில் பரவலாக உண்டு. அவுஸ்திரேலியாவில் மெர்கன்ஸர் இல்லை, ஆனால் பாம்புத்தாராவின் நெருங்கிய சொந்தம் உண்டு. செட்டையை விரித்துக் காய வைப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

ஒரு சாதாரண பைனாகுலர் போதும். பெயர் கண்டுபிடிக்க கோர்னெல் பல்கலைக்கழகத்தின் மெர்லின் செயலியைப் போனில் இலவசமாகப் போடலாம். கிட்டப் போக வேண்டாம். குஞ்சோடு நிற்கும் தாயைக் கயாக்கில் துரத்தினால் குஞ்சுகள் சிதறிப்போகும்.

எங்கட வீட்டு விளையாட்டு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தாரா சுழியோடியவுடன் பிள்ளைகள் தமிழில் எண்ணத் தொடங்க வேணும். ஒன்று, இரண்டு, மூன்று. அது எங்கே எழும்பும் என்று ஒவ்வொருவரும் கையால் காட்ட வேணும். பெரும்பாலும் முப்பதுக்குள் மேலே வந்துவிடும். முப்பதைத் தாண்டினால் திரும்பி மற்றப் பக்கம் பாருங்கள், அங்கே எழும்பி மீனை விழுங்கிக்கொண்டிருக்கும்.